நேராகப் போகாத லாரி

என் மாமா குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறார் என்று மண்ணச்சநல்லூரில் யாரோ சொல்லிவிட்டார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. மாமா, அம்மாவின் தம்பி. ஸ்ரீரங்கத்தில் எங்களோடுதான் இருந்தார். தொட்டியத்திலிருந்து திருச்சி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிவரும் ஒரு பழைய லாரிதான் அவருடைய தொழில், சொத்து, பெருமை எல்லாம். அவருக்கு முன்னால் இரண்டு பேர் அதை ஓட்டித் தேய்த்திருந்தார்கள்.

மண்ணச்சநல்லூரில்தான் மாமாவுக்குப் பெண் பேசி முடித்திருந்தது. பெண்ணின் அப்பா அங்கே ஓர் அரிசி ஆலையில் ஃபிட்டர். அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் டோல்கேட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாமாவின் லாரி அந்த வழியாகப் போயிருக்கிறது. நடுரோட்டிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுரோட்டுக்குமாக அது போன அழகைப் பார்த்தவர் நேராகப் பெண் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். பெண் வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. கல்யாணத் தேதி வைப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாளுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உண்மையில் ஆடியது லாரிதான். ஸ்டியரிங்கை ஒரு சாண் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போகும். அதற்குள் வண்டி தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மாமா முன் டயர் இரண்டையும் மாற்றினார். காற்றைக் கூட்டினார், குறைத்தார். அலைன்மெண்ட் பார்த்தார். கடைசியில், ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் ஸ்டியரிங் பெட்டியின் திருகை யாரோ சொன்னார்கள் என்று இறுக்கிவிட்டார். அதன்பிறகு ஸ்டியரிங் மாவாட்டுகிற மாதிரி கனத்துப்போனது. ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

அம்மாவுக்கே பாதி சந்தேகம். மாமா வீடு திரும்பியதும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாயில் என்ன வாசனை வருகிறது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் ரகசியமாக ஒப்படைத்திருந்தாள். நானும் தவறாமல் சொன்னேன். ஒரு நாள் டீ. ஒரு நாள் வெங்காய பஜ்ஜி. வேறு எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெண்ணின் அப்பாவே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். காபியைக்கூடத் தொடவில்லை.

"வண்டி சாவியைக் குடுங்க தம்பி. நானே ஓட்டிப் பாக்குறேன். ஊர்ப் பேச்சைக் கேட்டு முடிவு பண்றதுக்கு எனக்கும் மனசில்ல," என்றார். ஃபிட்டர் வேலையோடு ஆலை லாரியையும் பல வருஷம் ஓட்டியவர் அவர்.

மாமா சாவியைக் கொடுத்தார். பேச்சு முற்றிவிடாமல் இருக்கக் குழந்தை ஒன்று நடுவில் உட்காரட்டும் என்று அம்மா என்னை ஏற்றிவிட்டாள்.

கொள்ளிடம் பாலம் ஏறியதுமே லாரி தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. அவர் இந்தப் பக்கம் திருப்பினார், அது அந்தப் பக்கம் போனது. அவர் அந்தப் பக்கம் திருப்பினார், அது யோசித்தது. எதிரே வந்த பஸ் சடாரென்று பிரேக் போட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்ன பெருசு, காலங்காத்தாலயேவா?" என்று கேட்டார்.

அதன்பிறகு மண்ணச்சநல்லூர் வரும்வரை அவர் வண்டியை ஓரமாகவே உருட்டிக்கொண்டு வந்தார். ஆலையின் நெல் உலர்த்தும் களத்தில் வண்டியை நிறுத்தியதும் பெண்ணின் அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார். "இது வண்டியோட கோளாறுதான் மாப்ள. கண்டுபிடிக்காம இத வெளிய விடக் கூடாது." காலையில் 'தம்பி' என்றவர் மறுபடியும் 'மாப்ள' என்றதும் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினார்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உலுக்கினார்கள். ஒன்றும் ஆடவில்லை. பிறகு வண்டியை இறக்கி, என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள்.

"முழுசாத் திருப்பாதம்மா. கையை வச்சுக்கிட்டு இப்படியும் அப்படியுமா ஆட்டிக்கிட்டே இரு," என்றார் பெண்ணின் அப்பா. நான் ஆட்ட ஆட்ட, கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பாகக் கை வைத்துப் பார்த்தார்.

"சக்கரத்தத் திருப்புற கம்பியில, டை ராடு முனை ஒண்ணு தேஞ்சிருக்கு. ஆனா இவ்வளவு ஆட்டத்துக்கு இது மட்டும் காரணமா இருக்காதே," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அப்போது, களத்தை ஒட்டியிருந்த வீட்டிலிருந்து ஓர் அக்கா டீ கொண்டுவந்தார். அவர்தான் கல்யாணப் பெண். டம்ளர் தட்டோடு முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்பா, நீங்க கம்பியவே பாக்குறீங்க. மேல அந்தப் பெட்டியே நகருதுப்பா."

உண்மைதான். ஸ்டியரிங் பெட்டியை லாரியின் அடிச்சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்று முறிந்துபோயிருந்தது. மற்றவை தளர்ந்திருந்தன. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் முதலில் பெட்டி நகர்ந்தது, அதன்பிறகுதான் சக்கரம் திரும்பியது. முப்பது வருஷ ஃபிட்டர் எழுந்து, முதுகைத் தட்டிக்கொண்டு, மகளை ஒரு பார்வை பார்த்தார். கோபமும் பெருமையும் கலந்த பார்வை.

போல்ட்டும் டை ராடு முனையும் வாங்க அவர் தன் பைக்கில் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, கடைக்காரர் வீட்டில் போய்த்தான் எழுப்ப வேண்டும் என்றார். "அதுக்குள்ள மத்த ஜாயிண்டையும் ஒரு தடவை பாத்துடுங்க மாப்ள."

மாமா லாரிக்கு அடியில் போனார். அக்கா டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன். கீழே முணுமுணுப்பாகப் பேச்சு கேட்டது, நடுநடுவே சிரிப்பும். தோள் வலித்தது. நான் நிறுத்தினால் போதும், "ஆட்டும்மா!" என்று இரண்டு குரல்களும் ஒன்றாக வரும்.

"கண்டுபிடிச்சாச்சா மாமா?"

"இன்னும் இல்லடா தங்கம். கொஞ்சம் சிக்கலா இருக்கு."

வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் பெண்ணின் அப்பா திரும்பினார். புது போல்ட்டுகளைப் போட்டு முறுக்கினார், தேய்ந்த முனையை மாற்றினார், மாமா இறுக்கி வைத்திருந்த திருகைப் பழையபடி தளர்த்தினார். பிறகு அவரே வண்டியை எடுத்தார். நேராக ஸ்ரீரங்கம் போகாமல், மண்ணச்சநல்லூர் கடைத்தெரு முழுக்க ஒரு சுற்று மெதுவாக வந்தார். லாரி கோடு போட்டது போலப் போனது. டீக்கடை வாசலில் மட்டும் தேவையே இல்லாமல் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

சாயங்காலம் அம்மாவிடம் என் வீரத்தைச் சொன்னேன். பெட்டி நகர்வதைக் கண்டுபிடித்ததற்குப் பிறகும் ஒரு மணி நேரம் நான் தனியாக ஸ்டியரிங்கை ஆட்டியதை இரண்டு தடவை சொன்னேன்.

"கண்டுபிடிச்சதுக்கு அப்புறமுமா ஆட்டுன?" என்று கேட்டாள் அம்மா. "அவங்க அப்பா எங்க இருந்தாரு?"

"போல்ட் வாங்கப் போயிருந்தாரு. மாமாவும் அந்த அக்காவும்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ரொம்பக் கஷ்டமான கோளாறும்மா."

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து என் தோளில் தைலம் தடவிவிட்டாள். அப்புறம் மண்ணச்சநல்லூருக்கு ஃபோன் போட்டு, வருகிற முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஒரு லாரி சரியானதற்கு இவ்வளவு அவசரமாகவா கல்யாணம் செய்வார்கள் என்று நினைத்தபடி, வலிக்கிற கையை நீட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.