புயலுக்குப் பின் எழுதிய மூன்று வரி

என்டர் தட்டுவதற்கு முன் கொளஞ்சியப்பன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். மங்கலம்பேட்டை உழவுக் குடும்பத்திலிருந்து டிப்ளமோ படித்து வந்தவர். கடலூரில் எங்கள் இரத்ததானச் சங்கத்தின் லினக்ஸ் சர்வர் எட்டு ஆண்டுகளாக அவர் பொறுப்பு. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு, அவர் பக்கத்து மேசையில் கொடையாளர்களுக்குப் போன் போடும் வேலை.

டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலுக்குப் பின் கடலூரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கொடையாளர் பட்டியலைச் சிதம்பரம் கிளை மெஷினில் வைத்து ஓட்டினோம். புதிதாகச் சேர்ந்த நானூறு பேர் அங்கே மட்டும்தான். வேறு நகல் கிடையாது. ஜனவரிக் கடைசியில், கடலூர் மெஷினின் பழைய பட்டியலை அழித்துவிட்டு சிதம்பரத்துப் பட்டியலை இங்கே கொண்டுவர வேண்டியிருந்தது. டிஸ்கில் இரண்டுக்கும் இடமில்லை.

அழிக்கும் முன், அழிக்கப்போகும் பட்டியலில் இருக்கக்கூடாத ஒரு பெயரைத் தேடுவது அவர் வழக்கம்.

"பொயலுக்கு அப்பறம் சேந்தவுங்க பேரு ஒண்ணு சொல்லும்மா."

"ஜான்சி, மேல்பட்டாம்பாக்கம்."

தேடினார். ஜான்சி திரையில் வந்தாள்.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "இது கடலூரு இல்லம்மா. சிதம்பரத்துல நிக்கிறேன்."

எந்த மெஷினுக்குப் போகவேண்டும் என்று சொல்லும் பொது அமைப்புக் கோப்பைத் திறந்தார். அதில் கடலூர் என்றுதான் இருந்தது. சிதம்பரம் கிளை மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஞானசேகரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அங்க யாராவது எதாச்சும் மாத்துனீங்களா?"

"பொயலு போயி மாசமாவுது. ஒனக்குத்தான் மச்சான் இன்னும் தல சுத்துது. ஒன் வீட்டு ஃபோல்டர்ல மறஞ்ச ஃபைலு கெடக்கா பாரு."

கிடந்தது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாதது. உள்ளே மூன்று வரி. ஒன்றில் சிதம்பரம் மெஷினின் முகவரி. பொதுக் கோப்பைப் படித்த பிறகு டேட்டாபேஸ் இதையும் படித்து, இதையே எடுத்துக்கொண்டிருக்கிறது. எழுதியவர் பெயர் கொளஞ்சியப்பன், தேதி ஜனவரி 2, ஜெனரேட்டரில் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிய நாள்.

"நாந்தான். எழுதுன ஞாபகமே இல்ல."

முகவரி வரியின் தலையில் ஒரு குறி போட்டு அதைச் செல்லாமல் ஆக்கினார். மறுபடி உள்ளே போய்த் தேடினார். ஜான்சி இல்லை.

"இன்னொரு பேரு சொல்லு."

ஏழு பெயர் சொன்னேன். ஒருவரும் இல்லை. அழிக்கும் கட்டளையை அடித்தார். கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"ஞானம், போன வெச்சிராத. அங்க எத்தன பேருன்னு எண்ணிச் சொல்லு."

தட்டினார். அழிந்துவிட்டது என்று திரையில் ஒரே வரி வந்தது. போனில் சிதம்பரத்துக் கீபோர்டின் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆறாயிரத்து நானூத்தி பன்னெண்டு. அப்பிடியே இருக்கு மச்சான்."

"திரும்ப எண்ணு" என்றார்.