ஒரு டம்ளர் சோப்புத்தூள்

மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போன கொஞ்ச நாளில் வாஷிங் மெஷின் ஒழுகத் தொடங்கியது. துணியைப் போட்டுவிட்டுத் திரும்பினால் அடுப்படி வரை தண்ணீர். சனியன் பிடித்த மெஷின் என்று வாய்விட்டே திட்டினேன். கேட்க யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்தாயிற்று. பாளையங்கோட்டையில் இத்தனை பெரிய வீட்டில் நானும் இந்த மெஷினும்தான்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. மகனுக்குத்தான் போன் போட்டேன். ஆடி அமாவாசைக்கு வருகிறேன், பாபநாசம் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கலாம் என்றவன், லீவு இல்லை என்று சொல்லிவிட்டான். இதற்காவது வரமாட்டானா?

"மெஷின் வீட்டையே முக்கிடும் போலிருக்குலே. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

"இதுக்கு எதுக்கும்மா வரணும்? வீடியோ கால் போடு, பாக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைசீவி, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போன் போட்டேன். பிள்ளை பார்க்கப் போகிறானே என்றுதான்.

"எம்மா, உன் மூஞ்சியக் காட்டாத. மெஷினக் காட்டு" என்றான்.

திருப்பிக் காட்டினேன். பின்னால் தண்ணீர்க் குழாய் மாட்டிய இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். ஈரமில்லை. அழுக்குத் தண்ணீர் போகும் பைப்பும் காய்ந்திருந்தது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரைப் பைய விரித்து விரலால் துழாவினேன். ஓர் ஊக்கு கிடைத்தது, கிழிசல் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க எனக்குள் ஒரே சந்தோஷம். கண்டுபிடிக்க முடியாவிட்டால் வந்துதானே ஆகவேண்டும்!

"சரி, எப்பவும் போல துணியப் போட்டு ஓடவிடு. அங்கனயே நில்லு."

சேலை இரண்டும் ஒரு துண்டும் போட்டேன். டப்பாவிலிருந்து டம்ளர் நிறையத் தூளை அள்ளிச் சோப்புத் தட்டில் கொட்டினேன். கங்கைகொண்டான் ஆலைக்குப் போய்வந்த அவருடைய சட்டைக் கிரீசுக்கு அந்த அளவுதான் கேட்கும். பிள்ளைகள் துணியும் சேர்ந்தால் மெஷின் கதவை அமுக்கித்தான் மூடவேண்டும். என் கை அந்த டம்ளருக்கே பழகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் சோப்புத் தட்டின் இடுக்கில் நுரை பொங்கியது. முன்பக்கமாக வழிந்து, அடியில் போய்த் தண்ணீராகத் தேங்கியது. மகன் சிரித்தான்.

"எம்மா, மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. ஒரு ஆள் துணிக்கு இவ்வளவு பவுடரக் கொட்டுதியே! ரெண்டு கரண்டி போதும்."

ஒரு ஆள். அவன் சும்மாதான் சொன்னான். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நல்லவேளை, போன் மெஷினைப் பார்த்து இருந்தது.

"அப்போ வரலியாலே?"

"அதான் சரியாயிட்டுல்லா? வைக்கேம்மா."

மறுநாள் கரண்டியால் அளந்து போட்டேன். ஓடி முடிக்கும் வரை முக்காலி போட்டு மெஷினுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொஞ்சமாவது ஒழுகித் தொலையேன், மூதி என்று அதன் தலையில் ஓங்கி ஓர் அடி போட்டேன்.