சிவப்புக் கோடு போட்ட சுற்றுகள்

1. முதல் நாள்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் டேட்டா அனலிஸ்டாகச் சேர்ந்தேன். வெளிநாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றின் காமா கதிர்க் கருவி பதிவு செய்தவை டேப்புகளாக எங்களுக்கு வரும். அவற்றின் கிராஃபில் 1157 கேஇவி ஆற்றலில் ஒரு மேடு தெரிகிறதா என்று தேடுவதுதான் என் வேலை. அது, நட்சத்திரம் வெடிக்கும்போது உருவாகும் டைட்டானியம்-44 இருப்பதன் அடையாளம். நம் பால்வீதியில் சில நூறு ஆண்டுகளுக்குள் ஒரு நட்சத்திரம் வெடித்து, தூசி மறைத்ததால் யார் கண்ணிலும் படாமல் போயிருந்தாலும், இந்தக் கதிர் காட்டிக்கொடுத்துவிடும்.

டேப் ரூமைப் பார்த்துக்கொண்டவர் கலா அக்கா. ஒக்கலிபுரத்திலிருந்து வருவார். காண்ட்ராக்ட் ஆபரேட்டர். செயற்கைக்கோளின் ஒவ்வொரு சுற்றுக்கும் கிராஃபைப் பார்த்து ஒரு நீள நோட்டில் குறித்து, பிறகு கம்ப்யூட்டர் ஃபைலில் டைப் செய்வார். நோட்டில் சில சுற்றுகள் மீது சிவப்புக் கோடு இருந்தது.

"சிவப்பத் தொடாதீங்க மேடம். தென் அட்லாண்டிக் மேல ரேடியேஷன்ல மாட்டிட்டு வந்த சுத்து. கொஞ்ச நேரம் மெஷினே காமா விடும். அது வானம் இல்ல, மெஷினோட ஜுரம்."

தினமும் காலையில் எட்டிப் பார்ப்பார். "என்ன மேடம், நட்சத்திரம் ஏதாச்சும் செத்துச்சா? இல்ல நாம சும்னே உக்காந்திருக்கோமா?" கன்னடம் கலந்த பேச்சு; சும்னே என்றால் சும்மா.

2. மேடு

எட்டாவது மாதம், வானத்தில் ஓரிடத்தில் 1157-இல் சின்ன மேடு தெரிந்தது. நம்புவதற்குப் போதாது. டேட்டா கூடினால் உயரும் என்று நினைத்தேன். கலா அக்காவின் ஃபைலைத் திறந்து, சிவப்புக் கோடு போட்ட நாற்பத்தொரு சுற்றுகளை ஒதுக்கும் குறியை அழித்து, அவற்றையும் கணக்கில் சேர்த்தேன்.

நான் எல்லாவற்றுக்கும் லிஸ்ட் போடுகிறவள். அன்று மட்டும் போடவில்லை.

மேடு உயர்ந்தது. குழுத் தலைவரான சார் பிரிண்டவுட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யாருமே பாக்காத சூப்பர்நோவாவப் புடிச்சிட்டியேம்மா!" என்றார். அன்றே வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்பினார்.

3. பதில்

பத்து நாளில் பதில் வந்தது. கெட்ட சுற்றுகளை நீக்கினால் அங்கே ஒன்றும் இல்லை.

"பேட் ஆர்பிட்லாம் உள்ள இருக்காமே. லிஸ்ட் யார் குடுத்தது?" என்றார் சார்.

"லிஸ்ட் டேப் ரூம்ல இருந்து வரும் சார்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கலா அக்கா நோட்டோடு வந்தார். "என் நோட்டுல எல்லாத்துக்கும் சிவப்பு இருக்கு சார், பாருங்க."

சார் கை நீட்டவில்லை. "நோட்டுல இருந்து என்ன பிரயோஜனம்? டைப் பண்றப்ப விட்டிருக்கீங்க. அவங்க முன்னாடி என் மானமே போச்சு."

கலா அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் அவருடைய காண்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "செத்த நட்சத்திரத்தக் கண்டுபிடிக்க காமா கருவி வேணும், சரி. நீ வாயத் தொறக்கறதுக்கு என்னம்மா வேணும்?"

அதுவரை அவர் என்னை 'நீ' என்று சொன்னதில்லை.

4. அதன் பிறகு

அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான் சாரிடம் உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார். "நானும் அந்த நோட்டத் தொறந்து பாக்கலையேம்மா" என்றார்.

ஆள் அனுப்பி விசாரித்தார். கலா அக்கா பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியின் பேக்கிங் செக்ஷனில் சேர்ந்திருந்தார். திரும்பி வர முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: ஒதுக்கி வைத்த டேட்டாவை மறுபடி சேர்த்தால் மூன்று விஷயங்களை எழுதுங்கள். எதைச் சேர்த்தீர்கள், ஏன், சேர்த்தது யார். மூன்றாவதற்கு ஒரு பெயர் போதும், எழுத நொடிகூட ஆகாது. எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.