பத்தை எதற்குக் கொடுப்பது

அமெரிக்காக்காரர் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதிலும் இது அவர்களுடைய பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆடுவது. எனக்கு அதில் ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்க்கப் பொறுமை இருந்ததில்லை. ஆனாலும் ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்துகொண்டு, ஒரு இலையுதிர்காலம் முழுக்க யார் வெல்வார் யார் தோற்பார் என்று ஊகம் சொல்லி விளையாடியிருக்கிறேன்.

விளையாடுவது சுலபம். இணையத்தளம் கிழமைக்குப் பத்து ஆட்டங்களைப் பட்டியல் போடும். ஒவ்வொன்றிலும் வெல்லப்போகும் அணியைத் தொட வேண்டும். பிறகு ஒன்றிலிருந்து பத்து வரையுள்ள புள்ளிகளைப் பங்கிட வேண்டும். எது நிச்சயமோ அதற்குப் பத்து, எது சந்தேகமோ அதற்கு ஒன்று. ஊகம் சரிவந்தால் புள்ளி உனக்கு, பிழையானால் போச்சு. சனிக்கிழமை மாலை எங்கள் நேரம் ஆறு மணிக்குப் பட்டியல் பூட்டுப்படும். அதன் பிறகுதான் மற்றவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று பார்க்கலாம். கீழே இன்னும் சில விதிகள் சின்ன எழுத்தில் இருந்தன. நான் வாசிக்கவில்லை.

எங்கள் குழுவில் மூன்று பேர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி, அவனோடு ஒரே அறையில் இருந்த வெள்ளைக்காரப் பொடியன், நான். தம்பிக்கும் எனக்கும் இரண்டு வருடமாகக் கதை இல்லை. ஊரில் அப்பா செத்தபோது நான் இங்கிருந்து போனேன், அவன் வரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள், விசா அப்படி என்றான். ஒரே மகன் இருக்க, சித்தப்பாவின் மகன்தான் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தான். நான் திரும்பி வந்து, "கொள்ளி வைக்க வராதவன் எனக்குத் தம்பியும் இல்லை, இனி உன்ரை குரல் இந்த வீட்டுப் போனிலை கேக்கக்கூடாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என் வாய் அப்படி. பிறகு மோர்டென்ஸ்ருட்டுக்கு வீடு மாறினோம். புதிய இலக்கத்தை அவனுக்குக் கொடுக்கவில்லை. அம்மா என்னோடுதான் இருந்தார். போன் அட்டையில் இலக்கம் சுழற்ற அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் வீட்டில் என்னை மீறியிருக்க மாட்டார். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

அந்த ஓகஸ்டில் அவனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. விளையாட்டுக்கு அழைப்பு. அடியில் ஒரு வரி: "அக்கா, கதைக்கத் தேவையில்லை, விளையாடினால் காணும்." அவனை வென்று மூக்கை உடைக்கலாம் என்றுதான் சேர்ந்தேன்.

சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் காலை வக்த் முறை வேலை முடித்து, ரீபான ரயில் ஏறி நாலரைக்கு வீட்டுக்கு வருவேன். உடுப்பு மாற்றாமலே கணினிக்கு முன்னால் இருப்பேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு பின்னால் நிற்பார். எனக்குத் தெரிந்த அணி ஒன்றுகூட இல்லை. பெயர் நீளமானதைத் தொடுவேன். பாதிக்குப் பாதி சரிவரும். தம்பியோ ஒவ்வொரு கிழமையும் பத்தைத் தன்னுடைய பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தான். அது தோற்பதற்கென்றே ஆடிய அணி. ஆறு கிழமை ஆறும் தோற்றது. ஆறுதரமும் பத்துப் புள்ளி ஆற்றோடு போனது.

"இந்தக் கிழமையும் அதுக்கோ பத்து?" என்று அம்மா கேட்பார்.

"ஓம். உங்கடை மகன் திருந்தமாட்டான்."

அம்மா சிரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவார். அவன் உயிரோடு சுகமாக இருக்கிறான் என்பதற்கு அவருக்கு அந்தப் பத்துப் போதும். எனக்கும் அதுதான் போதுமாக இருந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏழாம் கிழமை அவனுடைய பத்து வேறொரு ஆட்டத்தில் இருந்தது. பட்டியலில் முதலாவதாக இருந்த ஆட்டம். வென்றும் இருந்தான்.

"ஒருமாதிரி உங்கடை மகனுக்குப் புத்தி வந்திட்டுது," என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அப்ப அவனுக்கு என்னவோ சுகமில்லை. ஒருக்கா எடுத்துப் பார் பிள்ளை."

"வென்றாலும் சுகமில்லையோ? சும்மா இருங்கோ அம்மா."

அதே கிழமை குழுவின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒன்று என்று வந்தது. வாசிக்காத செய்தி ஒன்று. மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறான் என்று எண்ணினேன். கிடக்கட்டும், அப்பாவும் இவனுக்காகக் காத்துக் கிடந்தவர்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த கிழமை இரண்டானது, பிறகு மூன்று, பிறகு நாலு. எண் ஏற ஏற எனக்கு மனம் குளிர்ந்தது. கெஞ்சட்டும் என்று விட்டேன். அவனுடைய புள்ளிகளும் ஏறிக்கொண்டுதான் இருந்தன. அம்மா ஒவ்வொரு சனியும் அதையே கேட்டார், எடுத்துப் பார் பிள்ளை என்று. நான் புள்ளியை வாசித்துக் காட்டினேன். இந்தக் கிழமை ஏழு சரி, இந்தக் கிழமை எட்டு, நல்லாத்தான் இருக்கிறான் என்று சொன்னேன்.

பதினோராம் கிழமை அந்தத் தோல்விக் கூட்டம் வென்றுவிட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. "கழுதை வென்றிருக்கு, உன்ரை பத்து எங்கையடா?" என்று எழுதவேண்டும்போல் கை துருதுருத்தது. இரண்டு வருடக் கோபத்தை இவ்வளவு சின்னச் சங்கதி தோற்கடித்தது. எழுதுவதற்காகச் செய்திப் பெட்டியைத் திறந்தேன்.

நாலும் அறைத்தோழன் எழுதியவை. முதலாவதில், சைக்கிளில் போனவனைக் கார் அடித்துவிட்டது, தலையில் காயம், போனும் நொறுங்கிவிட்டது, உங்கள் இலக்கம் எங்களிடம் இல்லை, உடனே எழுதுங்கள் என்றிருந்தது. இரண்டாவதில், காலையில் கொஞ்சநேரம் நினைவு வருகிறது, அக்கா அக்கா என்கிறான், அது உங்களுடைய பெயரா என்று கேட்டிருந்தான். மூன்றாவது ஒரே வரி. அவன் போய்விட்டான். நாலாவதில் எரிக்கும் நாளும் நேரமும் இருந்தன. உங்கள் வழக்கத்தில் இதை யார் செய்யவேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது, சொன்னால் அப்படியே செய்வோம் என்று முடித்திருந்தான். அந்த நாள் போய் நாலு நாளாகியிருந்தது.

பிறகுதான் சின்ன எழுத்து விதிகளைத் தேடி வாசித்தேன். ஊகம் சொல்லாமல் விட்டவருக்கு இயந்திரமே சொல்லும். சொந்த மைதானத்தில் ஆடும் அணிகள் எல்லாவற்றையும் தொட்டு, மேலிருந்து கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று போட்டுவிடும். தம்பியின் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். ஐந்து கிழமையாக அப்படியே வரிசையாக இருந்தது. கண் இருந்தவள் யாரும் கண்டிருப்பாள். நான் பத்தையும் கூட்டுத்தொகையையும் மட்டும் பார்த்தேன்.

அம்மா என்னைப் பார்த்த உடனேயே விளங்கிக்கொண்டார். நான் சொன்னது எல்லாம் அதன்பிறகுதான். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உரித்த வெங்காயத்தை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தார். அந்தக் கிண்ணம் மூன்று நாள் அங்கேயே கிடந்தது.

பருவம் முடியும்வரை இயந்திரம் விடாமல் தம்பிக்காக ஆடியது. அவன்தான் முதலிடம். நான் அந்தப் பக்கத்துக்குப் பிறகு போகவில்லை. அறைத்தோழன் எழுதித் தெரியும்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்காகக் கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஐயர் நாள், நேரம் எல்லாம் எழுதிக்கொண்டு கேட்டார்: "கொள்ளி வைச்சவர்தான் இருந்து செய்யவேணும். ஆர் வைச்சது?"

தம்பியை எரித்த இடத்தில் ஒரு பட்டன் இருந்ததாம். அதைத் தான்தான் அமத்தியதாக அறைத்தோழன் எழுதியிருந்தான். பிழை என்றால் மன்னியுங்கள் என்றும் எழுதியிருந்தான். போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தேன்.

"ஐயர் கேக்கிறார், ஆர் கொள்ளி வைச்சதெண்டு."

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. விறாந்தைக் கொடியில் காயும் உடுப்பை எண்ணுவதுபோலத்தான் சொன்னார்.

"கொப்பருக்கு அவன் வரேல்லை. அவனுக்கு நீ போகேல்லை. ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு."

நான் கையை எடுத்துவிட்டு ஐயரிடம் அப்படியே சொன்னேன்.