சாக்பீஸின் ருசி

சாக்பீஸுக்கு ஒரு ருசி உண்டு. முதலில் நாக்கு வறண்டுபோகும். பிறகு எச்சிலில் ஊறி, மாவாகித் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என் பற்களுக்கு நடுவில் ஒரு முழு சாக்பீஸை வைத்து, மணி அடிக்கும்வரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார். நான் செய்த குற்றம், "புரியலைங்க சார்" என்று சொன்னது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே கூச்சப்பட்ட எனக்கு அரை வருடம் ஆகியிருந்தது. "கேள்வி கேக்கற வாய்க்கு இதுதான் சோறு. கீழ உழுந்துச்சு, நாளைக்கும் இதேதான்" என்றார். வகுப்பே சிரித்தது. எச்சில் பாவாடையில் வடிந்தது. அதன்பின் எந்த வகுப்பிலும் நான் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தட்டுத்தடுமாறி வந்தேன். டீச்சர் டிரெயினிங்குக்கு வாங்கிய விண்ணப்பத்தை நிரப்பாமலே வைத்துவிட்டேன்.

இப்போது மல்லசமுத்திரம் போகும் ரோட்டில், எங்கள் வீட்டு மாடித் தகரக் கொட்டகையில், சாயங்காலம் பதினாறு பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கிறேன். அங்கே இரண்டே சட்டம். கேள்வி கேட்பவரை யாரும் தடுக்கக் கூடாது, நான் உள்பட. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் யாரும் சிரிக்கக் கூடாது. டீச்சருக்கு அன்பான மனசு என்கிறார்கள் பெற்றோர்கள். அன்பும் உண்டுதான். ஆனால் ஒவ்வொரு பிள்ளை கை தூக்கும்போதும், அந்த மனிதரின் கன்னத்தில் ஓர் அறை விழுந்ததுபோல எனக்குள் குளிரும்.

போன ஆனியில் அந்தக் கணக்கு வாத்தியாரின் பேத்தி வந்து சேர்ந்தாள். மூன்றாம் வகுப்பு. பெயரைக் கேட்டால்கூடத் தரையைப் பார்த்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததும், இவளைப் பேச வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். நல்லெண்ணம் மட்டுமில்லை. அந்த வீட்டுக்குள் கேள்விகளை அனுப்ப வேண்டும் என்றிருந்தது. முதலில் விரலைத் தூக்கினாலே போதும் என்றேன். பிறகு, பக்கத்துப் பிள்ளையின் காதில் சொன்னால் போதும் என்றேன். தை பிறப்பதற்குள் அவள் வாயை யாராலும் மூட முடியவில்லை.

ஒருநாள், இங்கே ஏன் பிரம்பே இல்லை என்று கேட்டாள். சாக்பீஸ் கதையைச் சொன்னேன். வைத்தது யார் என்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

மறுநாள் அவளைக் கூட்டிப்போக அவரே படியேறி வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஏஞ்சாமி, என்ன சொல்லிக் குடுக்கறீங்க? ஊட்டுல ஓயாம கேள்வி கேக்குது. இந்த வாய்க்கு ஒரு பூட்டப் போடுங்க" என்று சிரித்தார்.

பேத்தி கை தூக்கினாள். "அப்பாரு, எங்க டீச்சர் வாயில ஏன் சாக்பீஸ் வெச்சீங்க?"

பதினாறு முகங்களும் அவர் பக்கம் திரும்பின. அவர் என்னைப் பார்த்தார். "பழைய கதை, விடு சாமி" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் கேள்வியைத் தடுக்கக் கூடாது என்பது சட்டமாயிற்றே. சுவரில் சாய்ந்து நின்றேன்.

பேத்தி போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க அப்பாரு. இங்க ஆரும் சிரிக்க மாட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சட்டத்தை நானே மீறிவிடாமலிருக்க, தரையைப் பார்த்துக்கொண்டேன்.