பாரம் இறக்கி கிரீஸ் அடித்த நாள்

எழுபதுகளில் வங்காளத்துக் கிதிர்பூரில் ஒரு கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் டிரெய்லர் ஃபிட்டராக இருந்தேன். ஸ்பிரிங் பட்டைகளை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு வாரா வாரம் கிரீஸ் அடிப்பது என் பொறுப்பு. அப்படியும் ஒரே மாதத்தில் மூன்று போல்ட் முறிந்தன. கிரீஸ் போடாமலே போட்டதாகக் கையெழுத்து வைக்கிறேன் என்று இன்ஜினியர் சார்ஜ் ஷீட் டைப் அடித்துவிட்டார். வேலை போனால் கம்பெனி வீடும் போகும்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! திமிர் பிடித்தவன் என்று எழுதியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கிரீஸ் போடாதவனாம், நான்!

"நாளைக்கு அந்தாளுகிட்ட வாயக் குடுத்துத் தொலைக்காதீங்க. பிள்ளைங்களோட நடுத்தெருவுல நிக்கணும்" என்றாள் மனைவி.

மறுநாள் காலை, முறிந்த போல்ட்டைத் துடைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் கிரீஸ் வழவழவென்று இருந்தது. பாரம் அழுத்துகிற பக்கம் காய்ந்து, துருவேறிக் கிடந்தது. அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். வண்டி சக்கரத்தில் நிற்கும்போது போல்ட் அந்தப் பக்கம், தன்னைச் சுற்றியிருக்கிற புஷ்ஷோடு இறுகிக் கிடக்கிறது. கிரீஸ் எப்படி நுழையும்? இடம் இருக்கிற பக்கமாக வழிந்துவிடும். வழிந்ததைப் பார்த்து நானும் திருப்தியாகப் போயிருக்கிறேன்.

போல்ட்டின் மேலிருந்த பாரம் இறங்கும்படி சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்து, சக்கரம் தொங்குகிற அளவுக்குத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்தேன். நேரே போய் இன்ஜினியரைக் கூட்டி வந்தேன்.

"கீழ படுத்துப் பாருங்க சார். பாத்துட்டு அப்புறம் சார்ஜ் ஷீட்டக் குடுங்க" என்றேன், என் அரைகுறை வங்காளத்தில்.

வெள்ளை பேன்ட்டோடு, முணுமுணுத்துக்கொண்டே சாக்கின்மேல் படுத்தார். பக்கத்தில் படுத்து கிரீஸ் கன்னை அழுத்தினேன். முதலில் துருத் தண்ணீர் வந்தது. பிறகு பழைய கறுப்புக் கிரீஸ். அப்புறம் வந்தது பாருங்கள், போல்ட்டைச் சுற்றி நாலா பக்கமும் மஞ்சள் மஞ்சளாகப் புதுக் கிரீஸ்! ஒரு கட்டி அவர் சட்டையில் விழுந்தது.

"பாப் ரே!" என்றார். சட்டையைப் பார்க்கவே இல்லை. பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினார். "அப்படின்னா இத்தனை நாளா நீ போட்டது தப்பு?"

"தப்பாப் போட்டேன் சார். ஆனா போட்டேன்!"

நான் கத்திய கத்தலில் ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது. அவர் படுத்தபடியே சட்டைப் பையிலிருந்து சார்ஜ் ஷீட்டை உருவி, நான்காகக் கிழித்தார்.