மடுவத்தில் எண் அணையாமல் இருக்க

1. மழையும் கோடுகளும்

மாரியாயி அக்கா தேயிலைக் கொழுந்துப் பையைத் தராசில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த மின்பலகையில் அவருடைய பெயர் வந்தது. எடை வரவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள்தான் வந்தன. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் இடுப்பில் படங்குத் துணி கட்டிய பெண்கள் நனைந்தபடி வரிசையில் நின்றார்கள்.

“பாத்தீங்களா தங்கச்சி, காலையில நல்லா இருக்கும். மழை விழுந்தா செத்துப்போகும்” என்றார் அவர்.

ஹட்டனிலுள்ள ஒரு சிறிய நிறுவனத்தில் நான் நெட்வேர்க் டெக்னீசியன். அந்தத் தோட்டத்து வேலைதான் முழுப் பொறுப்போடு எனக்குக் கிடைத்த முதல் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், எந்த இடத்துக்கு எந்தக் கனெக்டர் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் அதைக் கற்றது பெரும்பாலும் அந்த ஒரு மடுவத்தில்தான் என்பதால், அந்தக் கதையையே எழுதிவிடுகிறேன்.

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. இந்த மடுவம் பெக்டரிக்குச் சற்று மேலே, றோட்டு வளைவில் இருந்தது. முன்பெல்லாம் கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து எடையை வாசிப்பார். கொழுந்து பறித்தவர்களுக்குத் தராசு தெரியாது, அவர் வாசித்ததுதான் எடை. அதை மாற்றத்தான் புதிய தராசு வந்தது. எடை கேபிள் வழியாகப் பெக்டரிக் கம்பியூட்டருக்குப் போய்ப் பதிவாகி, அடுத்த கணம் பெண்களைப் பார்த்தபடி இருக்கும் பலகையில் தெரியும். எங்களுக்கு முன் வேறு யாரோ அதைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். அது நின்று நின்று வேலை செய்ததால் தோட்ட நிர்வாகத்துக்கு அலுத்துவிட்டது. மாத முடிவில் தோட்டத்து மனேஜர் பெரியதொரை நேரில் வந்து பார்ப்பார், அன்றும் சரியாக ஓடாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழையபடி வாசிக்கிற முறைக்கே போய்விடுவோம் என்று அவருக்கு அடுத்த நிலையிலுள்ள சின்னத்தொரை எங்களிடம் சொல்லியிருந்தார். அந்தச் செய்தி வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

என்னோடு வந்தவர் சமிந்த அய்யே. கினிகத்தேனைக்காரர், கரண்ட் வேலையில் கெட்டிக்காரர், சிங்களத்தில் அண்ணனுக்கு அய்யே, தங்கைக்கு நங்கி; அவர் என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார். மழை சற்று விட்டதும் மடுவத்துச் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்தோம். கேபிள் பெட்டியின் தலைப்பக்கமாக உள்ளே இறங்கியிருந்தது. கம்பத்திலிருந்து வழிந்த தண்ணீர் கேபிளையே பாதையாகப் பிடித்து வந்து நேரே பிளக்குக்குள் போயிருக்கிறது. ஆபீஸ் மேசைக்கடியில் போடுகிற சாதாரண ஆர்ஜே 45 பிளக் அது. வெட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். தங்க நிறத்தில் இருக்கவேண்டிய பற்கள் பச்சை பூத்துக் கிடந்தன.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோளாறு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அகப்படுவது எங்கள் தொழிலில் அபூர்வம். இன்னொன்றும் அகப்பட்டது. கேபிளுக்குள் இருந்தவை ஒற்றைக் கம்பிகள். பிளக்கோ பல இழை முறுக்கிய மெல்லிய கேபிளுக்கானது. அதன் பல் இழைகளுக்கு நடுவே குத்தி இறங்கும்படி செய்யப்பட்டது. ஒற்றைக் கம்பியை அப்படிக் குத்த முடியாது, அதன் இரண்டு பக்கத்தையும் கவ்விப் பிடிக்கிற மூன்று பல் பிளக் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு.

நீர் தடுக்கும் ஜெல் நிரப்பிய வெளிக் கேபிளும், ரப்பர் வளையத்தோடு திருகிப் பூட்டுகிற நீர்காப்புப் பிளக்கும் போட்டோம். பெட்டியின் தலையிலிருந்த ஓட்டையை அடைத்து, அடிப்பக்கம் துளைத்து, கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் வழியாக உள்ளே ஏற்றினோம். உள்ளே போவதற்குமுன் கேபிள் ஒரு வளைவாகத் தொங்கவேண்டும், அப்போதுதான் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போகும். மறுநாள் பகல் முழுவதும் மழை பெய்தது. பலகையில் எண்கள் வந்துகொண்டே இருந்தன. நானும் சமிந்த அய்யேயும் மடுவத்தில் நின்று, கிரிக்கெட் பார்க்கிறவர்கள் மாதிரி ஒவ்வொரு எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2. வெயிலில் வந்த இருட்டு

அதற்கடுத்த நாள் நல்ல வெயில். காலை நிறுவை நடந்துகொண்டிருந்தபோதே பலகை அணைந்துபோனது. பிறகு தானாகவே எரிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. சின்னத்தொரை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, மழையே இல்லையே, இப்போது யார்மேல் குற்றம் சொல்வது என்று கேட்டார்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நான் கவனித்திருந்தேன். முன்பு கோடுகள் வந்தன, பலகை எரிந்துகொண்டுதான் இருந்தது. இன்று பலகையே இருண்டது. கோடு வந்தால் தகவல் போகவில்லை, இருட்டானால் கரண்ட் போகவில்லை. இது நெட்வேர்க் கோளாறே இல்லை. அதைச் சொன்னதும் சமிந்த அய்யே மீற்றரை எடுத்துக்கொண்டு மடுவத்துப் பிளக் பொயின்டில் வைத்தார். கீழே பெக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற பெரிய ஃபேன்கள் உறுமத் தொடங்கின. மீற்றரில் வோல்ட் சட்டென்று விழுந்தது, பலகையும் கூடவே அணைந்தது.

“ஆ, ஆள் மாட்டிட்டான்” என்றார் அவர்.

மடுவத்துக்கான கரண்டை ஃபேன்களுக்குப் போகிற லைனிலிருந்தே இழுத்திருந்தார்கள். அதுகூடப் பெரிய குற்றமில்லை. பெக்டரியில் சொல்லி லைனை நிறுத்திவிட்டு அவர் கம்பத்தில் ஏறி, இணைப்பைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்துக் காட்டினார். லைன் அலுமினியம், மடுவத்துக்கு வருகிற கம்பி செம்பு. இரண்டையும் கையால் முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். முறுக்கு கருகி, சாம்பல் நிறத்தில் பொடிந்திருந்தது.

“நங்கி, அலுமினியமும் செம்பும் நேரா தொட்டுக்கிட்டு இருக்கக் கூடாது. ஈரம் வந்தா ஒண்ண ஒண்ணு தின்னும். அப்புறம் சூடு வரும். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இந்த மடுவமே பத்தியிருக்கும்” என்று மேலேயிருந்து சொன்னார்.

அதைக் கேட்டபோது என் கண் தானாக வரிசைப் பக்கம் போனது. அந்தக் கம்பிக்கு நேர் கீழேதான் பெண்கள் நின்றிருந்தார்கள்.

ஒரு பக்கம் அலுமினியத்தையும் மறுபக்கம் செம்பையும் தனித்தனியே பிடிக்கிற ஈருலோகக் கனெக்டரைச் சமிந்த அய்யே போட்டார். கம்பியின் கனத்துக்கு ஏற்ற அளவு, துருவேறாமல் இருக்க உள்ளே பசை, அழுத்துவதற்கு அதற்கென்றே உள்ள கருவி. அழுத்தி முடித்ததும் கம்பியைத் தன் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தார். பிறகு மடுவத்தை ஃபேன் லைனிலிருந்து பிரித்து, பெக்டரியின் லைட் போர்டிலிருந்து தனியாகக் கரண்ட் கொடுத்தோம். ஃபேன்களைப் போடச் சொன்னோம். பலகை கண் சிமிட்டவில்லை. சமிந்த அய்யே கம்பத்தில் இருந்தபடியே சிங்களத்தில் ஒரு பாட்டை எடுத்துவிட்டார். பெண்கள் சிரித்தார்கள்.

3. பச்சையா நீலமா

அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. ஒரு பிற்பகல் மலைக்கு மேல் இடி இறங்கியது. பலகையில் மறுபடி கோடுகள். ஓடிப்போய்ப் பார்த்தால் மடுவத்துப் பிளக் காய்ந்து நன்றாகத்தான் இருந்தது. பெக்டரிப் பக்கத்தில், கேபிள் போய்ச் சேர்கிற கருவியின் போர்ட் செத்துக் கிடந்தது. இரண்டு கட்டிடத்துக்கு நடுவே வெளியில் செம்புக் கேபிள் தொங்கினால் இந்த மலையில் அது மின்னலுக்கு வைத்த விருந்து. எவ்வளவு நல்ல பிளக் போட்டாலும் அது தீராது. ஃபைபருக்கு மாறவேண்டும், அதுவும் உள்ளே உலோகக் கம்பியே இல்லாத ஃபைபர். பெரியதொரை வருவதற்கு ஒரு பகல்தான் பாக்கி.

ஆபீஸில் ஃபைபர் கேபிளும், ஒட்டுகிற மெசினும், இரண்டு முனைக்கும் வைக்கிற கருவிகளும் இருந்தன. கேபிள் நுனியில் ஒட்டவேண்டிய கனெக்டர் மட்டும் இல்லை. ஹட்டன் பஜாரில் நாங்கள் வழக்கமாக வாங்குகிற முஸ்லிம் கடைக்காரர் நானாவின் கடைக்கு ஓடினேன்.

ஃபைபர் கனெக்டரில் இரண்டு வகை உண்டு, நானா அதில் ஒன்றைத்தான் எடுத்து வைத்தார். வீடுகளுக்கு ஃபைபர் இழுக்கிறவர்கள் அதிகம் வாங்குவதால் பச்சைத் தலை கனெக்டர்தான் கைவசம் இருந்தது. எங்கள் கருவிகளிலோ இருந்தவை நீலத் தலை வாய்கள். பச்சையின் நுனி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், நீலத்தின் நுனி நேராக இருக்கும். ஆனால் வடிவம் ஒன்று. பச்சையை நீலத்தில் செருகினால் டக் என்று உட்கார்ந்துவிடும். நேரம் இல்லாத அவசரத்தில், அது கொஞ்சநாள் ஓடாதா என்று அவரிடம் கேட்டேன்.

“உள்ள போகும் தங்கச்சி. போறதெல்லாம் சேராது. நுனியும் நுனியும் முட்டாம வெளிச்சம் பாதி வெளியில போயிரும். நாளைக்கு வேலை செய்யும், நாளன்னைக்கு என்னை ஏசுவீங்க” என்றார்.

சொல்லிக்கொண்டே நுவரெலியாவில் தனக்குத் தெரிந்த கடைக்குப் போன் போட்டார். அங்கே நீலம் இருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னார். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நான் நின்ற நிலையைப் பார்த்தவர்கள், வெளிநாட்டிலிருந்து வருகிற யாரையோ கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். கொண்டக்டர் ஜன்னல் வழியாகச் சின்னப் பார்சலை நீட்டினார். வாங்கிக்கொண்டு அப்படியே த்ரீவீலில் ஏறிவிட்டேன்.

சமிந்த அய்யே அதற்குள் கேபிளை இழுத்து முடித்திருந்தார். பெக்டரிக்குள் தேயிலைத் தூசு எந்நேரமும் பறக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் ஃபைபர் நுனியில் ஒட்டினாலும் போதும், வெளிச்சம் மறைந்துவிடும். அதனால் சின்ன ஆபீஸ் அறையின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வேலை செய்தேன். மூடியைக் கழற்றுவது, நுனியைத் துடைப்பது, உடனே செருகுவது. திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. கடைசி கனெக்டர் உட்கார்ந்ததும் கருவியில் பச்சை லைட் எரிந்தது. அதே நேரம் மடுவத்திலிருந்து சமிந்த அய்யே போனில் கூப்பிட்டார். பலகை வந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் சிங்களத்துக்கு மாறிவிட்டார்.

4. பெரியதொரை வந்த நாள்

வரக்கூடியதெல்லாம் அன்று வந்தது. பிற்பகல் நிறுவைக்கு மழையும் இடியும் சேர்ந்தே வந்தன. பெரியதொரை குடையோடு மடுவத்துக்குள் வந்து ஒரு மூலையில் நின்றார். சின்னத்தொரை என்னருகே வந்து, “மிஸ், இன்னைக்கும் கோடு வந்தா நான் ஒண்ணும் செய்ய ஏலாது” என்று மெதுவாகச் சொன்னார். அவருக்கும் இது நிலைக்கவேண்டும் என்ற ஆசை இருந்தது குரலில் தெரிந்தது.

முதல் பை ஏறியது, எண் வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. கீழே ஃபேன்கள் உறுமின. எண் வந்தது. தகரக் கூரையே அதிரும்படி ஓர் இடி விழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பலகையைப் பார்த்தார்கள். எண் அப்படியே நின்றது.

மாரியாயி அக்காவின் முறை வந்தது. பையை வைத்தார், எண்ணைப் பார்த்தார். பிறகு யாரிடமும் கேட்காமல் பையைத் தூக்கி, மறுபடி வைத்தார். அதே எண். கணக்கப்பிள்ளை அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். பெரியதொரை கையைக் காட்டி அவரை நிறுத்தி, இப்போது திருப்தியா என்று அக்காவிடம் கேட்டார்.

“திருப்திங்க தொரை. இனி எனக்கு யாரும் வாசிச்சுச் சொல்ல வேணாம். நானே பாத்துக்கிறேன்” என்றார் அக்கா.

பெரியதொரை என் பக்கம் திரும்பி, தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிசன் மடுவத்துக்கும் இதையே போட எவ்வளவு நாள் ஆகும் என்று என்னைக் கேட்டார்.

5. கீழ் டிவிசன்

அளவெடுக்கக் கீழ் டிவிசனுக்குப் போனபோது, எந்தப் பெட்டி, எந்தப் பிளக், எத்தனை கிளாண்ட் என்று மனத்தில் எல்லாம் தயாராக இருந்தது. மேல் மடுவத்தில் போட்டதை அப்படியே போடுவது என்பதுதான் திட்டம். அங்கே மத்தியானச் சாப்பாட்டை முடித்த பெண்கள் சிலர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நான் வாசல் பக்கச் சுவரில் பெட்டியை வைக்கலாம் என்று சமிந்த அய்யேயிடம் சொன்னேன். ஒரு பெண் குறுக்கிட்டார்.

“அங்கன வேணாங்க. சாரல் அந்தச் செவுத்துலதான் நேரா அடிக்கும். கொழுந்து லொறியும் அந்தப் பக்கமாத்தான் ரிவர்ஸ் எடுக்கும், ஒரு தடவை செவுத்தயே இடிச்சிருச்சு.”

இன்னொருவர் உள்சுவரைக் காட்டினார். அங்கே ஈரம் ஏறாது, ஆனால் பக்கத்தில் உர மூட்டை அடுக்குவார்கள் என்றார் மூன்றாமவர். உரத் தூள் பட்டால் உலோகம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையில் நான் மனத்தில் வைத்திருந்த கனெக்டரே மாறியது. உலோக உடல் வேண்டாம், பிளாஸ்டிக் உடலும் இறுக்கமான மூடியும் உள்ளது வேண்டும். பலகையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டினால் கண் மங்கியவர்களுக்கும் தெரியும் என்றும் கேட்டார்கள். அதற்கேற்ப கேபிள் நீளமும் மாறியது.

கனெக்டரின் அளவும் தாங்குகிற கரண்டும் தண்ணீர் புகாத தரமும் அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். எந்தக் காற்று அதன்மேல் அடிக்கும், எது வந்து இடிக்கும், எது அதன்மேல் கொட்டும் என்று எந்தப் பெட்டியிலும் இருக்காது. அது அந்த இடத்தில் நாள்தோறும் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். கருவிப் பெட்டியைத் திறப்பதற்குமுன் அவர்களிடம் கேட்கவேண்டும். நான் கற்ற பாடம் அதுதான்.

சமிந்த அய்யே ட்ரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே போடலாம் என்று என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்களைப் பார்த்தேன். அவர்கள் கூடிப் பேசி, ஒருவர் முன்னால் வந்து சுவரில் விரலை வைத்தார். முதல் துளையை அங்கேதான் போட்டோம்.